பினாங்கில் ஓர் இனிப்பு நடை

பினாங்கு என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்மலை முருகன். தைப்பூசத்துக்குப் பேருந்து அமர்த்திக்கொண்டு போவோம், காவடி பார்ப்போம், தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிப்போம், இரவோடு இரவாகத் திரும்பிவிடுவோம். நகரத்துத் தெருக்கள் பேருந்துச் சன்னல் வழியே ஓடி மறைவதோடு சரி. அந்தத் தெருக்களில் ஒரு பிற்பகல் நிதானமாக நடந்து, அங்கே கிடைக்கும் இனிப்புகளை வாய்க்கு வாய் சுவைத்துப் பார்த்தால் என்ன? சென்ற பள்ளி விடுமுறையில் மனைவி, மகன், மகள், மாமியார் ஆகியோருடன் அப்படிப் புறப்பட்டேன்.

மாமியார் முப்பது ஆண்டுகள் கித்தா மரம் வெட்டியவர். இப்போது அவருக்கு நீரிழிவு. காலையும் மாலையும் மாத்திரை. "நான் எதுக்கு மாப்ள? நீங்க சாப்பிடறத வேடிக்கை பார்க்கவா?" என்று கேட்டார். கிளினிக்கில் மிஸ்ஸியைக் கேட்டோம். சுவை பார்க்கலாம், கிண்ணம் கிண்ணமாகக் கூடாது என்றார். ஆகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். எது வாங்கினாலும் ஐவருக்கும் ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு வாய். பாட்டிக்கு அரை வாய். கையில் ஒரு புட்டி வெறும் தண்ணீர்.

நம் பெயர் மாறிய பலகாரம்

பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, கடலைக் கடந்து, படகுத்துறையிலிருந்து நடந்தோம். சற்று நேரத்தில் லெபோ பாசார் வந்துவிட்டது. பூக்கடை, புடவைக் கடை, மளிகைக் கடை, பாட்டுச் சத்தம். "அப்பா, எல்லாப் பலகையிலும் தமிழ்!" என்று மகன் கூவினான். அருகே லெபோ குயினில் 1833ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயில். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பலகாரக் கடையில் சுடச்சுட ஒரு ஜிலேபி வாங்கி ஐந்தாகப் பிய்த்தோம்.

தெருமுனையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தார். மலாய்த் தாய் ஒருவர் தம் குழந்தைக்கு 'புத்து மாயாம்' என்று கேட்டு வாங்கினார். தேங்காய்ப் பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி மடித்துக் கொடுத்தார் கடைக்காரர்.

"இது நம்ம இடியாப்பம்தானே பாட்டி?" என்றாள் மகள்.

"ஆமாண்டி. நாம குழம்பு ஊத்துறோம், அவுங்க சக்கரை போடுறாங்க. மாவு ஒண்ணுதான்."

அந்தப் பெயருக்குள் நம் 'புட்டு' ஒளிந்திருக்கிறது. நம் ஆப்பமும் அப்படித்தான். பினாங்கில் சீனர்கள் வாழைப்பழத் துண்டும் சோளமும் வைத்து 'அப்போம்' சுட்டு விற்கிறார்கள். பலகாரம் வீடு மாறியிருக்கிறது. பெயரை மட்டும் விடவில்லை.

ஒன்பது அடுக்கும் சங்குப்பூவும்

1801ஆம் ஆண்டு தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கடந்து, லெபோ கேம்பல் வழியாக ஜாலான் பினாங்கை நோக்கி நடந்தோம். ஜோர்ஜ் டவுனின் இந்தப் பழைய பகுதியை 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது.

வழியில் ஒரு காப்பிக்கடை வாசலில் நியோன்யா குவே தட்டுகள். சீனரும் மலாய்க்காரரும் கலந்து உருவான குடும்பங்களின் பலகாரம் இது. ஒன்பது அடுக்குக் குவேயைப் பிள்ளைகள் அடுக்கடுக்காக உரித்துத் தின்றார்கள். நீல நிறப் புளுட் ஒன்று இருந்தது. சாயம் என்று மாமியார் முகம் சுளித்தார். அது சங்குப்பூச் சாறு! நாம் சாமிக்குச் சாத்தும் பூ, இங்கே அரிசியோடு வேகிறது.

செளராஸ்தா பசாரில் ஜாதிக்காய்ப் பழச்சதையை இனிப்பாக ஊறவைத்து விற்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து 1800ஆம் ஆண்டையொட்டி இத்தீவில் நட்ட பயிர் அது. கொட்டையை மட்டும் மருந்துப் பெட்டியில் பார்த்திருந்த பிள்ளைகளுக்குப் பழம் புதுமையாக இருந்தது.

பாளையில் இருப்பது இரண்டு

கடைசியாக லெபோ கெங் குவீயில் செண்டோல். 1936ஆம் ஆண்டிலிருந்து நடப்பதாகக் கடைக்காரர்கள் சொல்லும் தியோச்சூ சீனர் கடை. வெயிலில் வரிசை வளைந்து நின்றது.

அரிசிமாவில் பாண்டான் இலைச் சாறு கலந்து கூழாக்கி, துளைத்தட்டில் தேய்த்துக் குளிர்ந்த நீரில் விழவைத்தால் அந்தப் பச்சைப் புழுக்கள் கிடைக்கும். இடியாப்பம் பிழியும் வேலைக்குத் தம்பி முறை! அதன்மேல் சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், சிவப்பு அவரை, குலா மலாக்கா பாகு.

பாகைப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். தென்னம்பாளையைச் சீவினால் நீர் வடியும். புளிக்கவிட்டால் கள், புளிக்கும் முன்பே காய்ச்சினால் வெல்லம். மாமியார் தலையசைத்தார்.

"ஒங்க தாத்தாவுக்குக் கள்ளுக்கடைதான் தெரியும். இப்படிக் காய்ச்சித் தின்னுருந்தா நான் கம்மலை அடகு வெச்சிருக்க மாட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் மனைவியும் சிரிக்கவில்லை. மாமியார் அரைக் கரண்டி செண்டோலை வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினார். "போதும் மாப்ள. நெறஞ்சிருச்சு" என்றார்.

அக்கரையின் கதை

திரும்பும் பெரியில் செபராங் பிறை கண்ணெதிரே நீண்டு கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கரையில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பத்து காவான், நிபோங் திபால் பக்கமெல்லாம் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்கள் காடு வெட்டிக் கரும்பு நட்டார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. பிறகு கரும்பு போய்க் கித்தா வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. சீனிக்காக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை இன்று அந்தச் சீனியே வாட்டுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

இதற்கு ஓர் அரைக் கரண்டி செண்டோல் காரணமில்லை. டின் பால் ஊற்றிய தேநீரை நாளுக்கு நான்கு வேளை குடிக்கிறோமே, அதுதான் கணக்கில் சேர்கிறது. இனிப்பை எப்போதாவது, கொஞ்சமாக, பகிர்ந்து, அதன் கதையைத் தெரிந்துகொண்டு உண்டால் அது விருந்து. யோசிக்காமல் தினமும் குடித்தால் வியாதி.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு பினாங்கு போய் வாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். குடையும் தண்ணீரும் மறவாதீர்கள். ஐவருக்கு ஒன்று என்ற கணக்கு கைக்காசுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. அந்தத் தெருக்களின் இனிப்பில் நம் முன்னோர் வியர்வையும் கரைந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்நிய ஊரைப் பார்ப்பதுபோல் இனி அவர்கள் அந்தத் தெருக்களைப் பார்க்க மாட்டார்கள்.