பாட்டரியின் மேல் பழி

நம் சங்கத்துக் குடும்பங்களில் புதுக்கார் வாங்குவோர் பெருகிவிட்ட இந்நாளிலும், பழைய வண்டியை விடாது வைத்திருப்போர் சிலர் உளர். அவர்களுள் நானும் ஒருவன். என்னிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு மாருதி 800. அந்த வகை 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்று மறைந்தது. என் வண்டியோ பதினைந்து ஆண்டு நிறைந்து, தகுதிச் சோதனையில் தேறி, பதிவும் புதுப்பிக்கப்பெற்று, மும்பை அண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

அதனை நான் விற்காமைக்குக் காரணம் என் தாயார். வாரம் இருமுறை அவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு. விடியற்காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் காலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். கொட்டும் மழையில் அந்நேரத்தில் டாக்சிக்குக் காத்து நிற்பது அவரால் இயலாத காரியம்.

அத்தகைய மழைக்காலத்தில்தான் வண்டி கிளம்ப மறுக்கும். ஒரு பட்டறையில் பாட்டரியை மாற்றினார்கள். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் அதே கதை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள். மூன்றாம் மழைக்காலமும் வந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. கோடையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இதுவே எனக்கு விளங்காத புதிராக இருந்தது.

தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் கார் மின்வேலை செய்யும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். என் புலம்பலைக் கேட்டு அவர் சிரித்தார்.

"பாட்டரியை ஏன் அண்ணாச்சி வையுதீய? சோறு போட்டாத்தானே அது உழைக்கும்? சோறு போற வழியைப் பார்ப்போம்."

அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, வைப்பர், காற்றாடி மூன்றையும் போடச் சொல்லி, மல்டிமீட்டரை வைத்தார். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பாட்டரி முனைகளில் 13.1 மட்டுமே. இடையே 1.1 வோல்ட் எங்கே போயிற்று? பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் இடையே 0.2, நெகட்டிவ் முனைக்கும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் இடையே 0.9. கள்ளன் எர்த் வயரில் இருந்தான். வெளியே பார்க்க நன்றாயிருந்த அவ்வயரின் உறையைக் கீறியபோது, உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாய் உதிர்ந்தது.

கோடைப் புதிரும் அப்போதே விடுபட்டது. பள்ளியில் படித்த ஓம் விதிதான். பாதையில் தடை இருந்தால், மின்னோட்டம் கூடக்கூட அங்கே இழக்கும் வோல்ட்டும் கூடும். கோடைப் பகலில் விளக்கும் வைப்பரும் இல்லை. ஓட்டம் குறைவு, இழப்பும் குறைவு. மழைக்கால விடியலில் எல்லாம் ஒருங்கே ஓடும். பாட்டரிக்கு எஞ்சுவது அரைவயிற்றுக் கஞ்சி. மருத்துவமனைக்குப் பதினைந்து நிமிடப் பயணம். எஞ்சினைக் கிளப்பச் செலவான மின்சாரம் அதற்குள் திரும்பிச் சேருவதில்லை.

புது வயர் போட்டு, எஞ்சினிலும் உடலிலும் எர்த் பிடிக்கும் இடங்களைத் துருநீங்கத் தேய்த்து முறுக்கினார். பாட்டரி முனையில் 14.0 வோல்ட் காட்டியது. செலவு முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். இரவு முழுதும் நின்ற வண்டியில் பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12-க்கு அருகில் இருந்தால் பசித்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிடில் முதலில் பெல்ட்டின் இறுக்கத்தையும், பின் வயர்களின் முனைகளையும் பாருங்கள். சார்ஜ் சரியாக இருந்தும் இரவில் பாட்டரி இறங்கினால், சாவியை எடுத்தபின் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள், 0.05 ஆம்பியருக்கு மேல் போனால் ஒவ்வொரு ஃபியூசாகக் கழற்றித் தேடலாம். எஞ்சின் ஓடுகையில் பாட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். அது ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடும்.

அதன்பின் ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டது. சாவியைத் திருப்புமுன் பின்னிருக்கையிலிருந்து "முருகா" என்னும் என் தாயாரின் குரல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதற்கு மீட்டர் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.