பெரியப்பா போட்ட கையெழுத்து

மருந்துக்கடையில் டிரானெக்சாமிக் அமில மாத்திரை வாங்கும்போதெல்லாம் உடாகோ ஒகமோட்டோ ஞாபகம் வந்துவிடுகிறது. கணவரோடு சேர்ந்து 1962இல் இந்த மருந்தைக் கண்டறிந்த ஜப்பானியப் பெண். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றவர். பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகும் பெண்களுக்காகத் தேடினார். மாதவிலக்கில் கொட்டுகிறவர்களுக்கும் அது உதவுகிறது.

பெரியம்மாவுக்கு அதை யாராவது எழுதிக்கொடுத்தார்களா? மதுரை வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள், முகம் வெளுத்து. எப்போதும் அடர்நிறச் சேலைதான். கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்றதும் கூடத்தில் ஒரே குரல்: "நாலு பெத்தாச்சு, இனிமே அந்தப் பை எதுக்கு?"

லண்டனில் விக்டர் பானி என்றொரு மருத்துவர் இருந்தார். கட்டிகளை மட்டும் தோண்டியெடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துக் காப்பாற்றும் முறைக்காக 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாதாடியவர். அவர் மனைவிக்கே இதே கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள், பிள்ளை இல்லை.

எனக்கும் அதே கட்டிதான். என் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா அளவைவிட இடத்தைத்தான் அதிகம் பேசினார். உட்பக்கம் துருத்தும் கட்டி சுண்டைக்காய் அளவானாலும் ரத்தத்தைக் கொட்டவைக்கும். வெளிப்பக்கம் இருப்பது ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்தும் சும்மா கிடக்கலாம். உள்ளே இருப்பதை வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே சீவி எடுத்துவிடலாமாம். ஹார்மோன் கசியும் லூப் உண்டு. கட்டியைச் சுருக்கும் ஊசியும் உண்டு, ஆனால் நிறுத்தினால் மறுபடி வளரும். இன்னொன்று, தொடை ரத்தக்குழாய் வழியே நுண்மணிகளை அனுப்பிக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது. பாரிஸில் ராவினா குழுவினர் ஆபரேஷனுக்கு முன்னேற்பாடாகத்தான் அதைச் செய்தார்கள். தொல்லை தீர்ந்துபோய்ச் சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. 1995இல் அதைப் பிரசுரித்தார்கள். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் யோசித்துத்தான் செய்வார்கள்.

எனக்கு மாத்திரையும் இரும்புச்சத்தும் போதும் என்றாகிவிட்டது. மாதவிலக்கு நின்றால் கட்டி தானே சுருங்கும், அதுவரை தள்ளலாம்.

பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கட்டி திரும்பவே வராது என்ற உறுதி கர்ப்பப்பையை எடுப்பதில் மட்டும்தான். பெரியம்மாவும் அதன்பிறகு மாடி ஏறினாள். ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் எலும்பு சீக்கிரம் தேயும் என்று படித்தபோது அவள் வளைந்த முதுகு நினைவுக்கு வந்தது. போன பொங்கலுக்குக் கேட்டேவிட்டேன்: "சினைப்பையையும் எடுத்தாங்களா பெரியம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? உங்க பெரியப்பாதான் கையெழுத்துப் போட்டார்."