சென்னைக் கடிதம்: மார்கழியில் கரியடுப்பு

சென்னையில் திறந்த வெளியில் தணல் போட்டுச் சுடும் காலம் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசியோடு முடிகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெப்பம் 29 டிகிரி செல்சியசையும், இரவு வெப்பம் 21 டிகிரியையும் ஒட்டி நிற்கும். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் இதைக் குளிரென்று ஒப்ப மாட்டார்கள். ஆனால் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இருட்டிய பிறகு நின்றால் தெரியும், கை தானாகவே தணலைத் தேடும். மே மாதத்தில் அதே மணலில் அதே அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது.

குறுக்கே வருவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் இந்த ஊரின் ஆண்டு மழை பாதிக்கு மேல் பெய்கிறது. ஈரக் காற்றில் கிடக்கும் கரி நீரை உறிஞ்சிக்கொள்ளும். பற்றவைத்தால் படபடவென்று வெடிக்கும், பொறி பறக்கும், சூடு ஏற நேரமாகும். அதனால் கார்த்திகை மாதத்தில் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கரி மூட்டையைத் தார்ப்பாய் போட்டுக் காப்பதே பெரும்பாடு. மழை விட்டுத் தெளிந்த இரவுகள் மார்கழியில் கூடும். தையில் வானம் முழுக்க வெளுத்துவிடும்.

அந்த மூட்டைகளில் பெரும்பாலும் இருப்பது சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து லாரியில் வருவது. விறகைக் கரியாக்கும் மூட்டம் எப்படிப் போடுவார்கள் என்று நம் பக்கத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. விறகின் ஈரமும் கண்ணைக் கரிக்கும் புகையும் மூட்டத்திலேயே போய்விடுவதால், இங்கே அடுப்பில் மிஞ்சுவது சுத்தமான வெக்கை மட்டுமே. வேலிக்கருவை என்றும் நாம் சொல்லும் சீமைக் கருவேலம் அடர்த்தியான மரம். அதன் கரி நின்று எரியும். அடித்தூரைச் சுட்டெடுத்த தூர்க்கரி என்றால் இன்னும் நேரம் தாங்கும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, விளைநிலத்தைப் பிடிக்கிறது என்று ஊரே திட்டும் மரம் அது. அந்தத் திட்டெல்லாம் நியாயம்தான். ஆனாலும் முந்நூறு மைல் தள்ளிக் கடலோரத்தில் அது சிவந்து கிடப்பதைப் பார்க்கும் ராமநாதபுரத்துக்காரருக்கு மனம் இளகாமல் இருக்காது.

தணலில் சுடும் பண்டங்களில் சென்னைக் கடற்கரைக்கே உரியது மக்காச்சோளம். பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றிலும், மெரினாவில் கலங்கரை விளக்கத்துப் பக்கமும் மாலையானதும் வண்டிகள் வரிசைகட்டும். கதிரின் தோகையை உரித்து, காம்பை மட்டும் விட்டு, தணலின் மேல் அப்படியே கிடத்துகிறார்கள். ஒரு கை விசிறும், அல்லது சக்கரத் துருத்தியைச் சுற்றும். மறுகை காம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். விசிறுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அதிகம் விசிறினால் மணியின் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். விசிறாவிட்டால் கதிர் உலர்ந்து ரப்பராகிவிடும். சாம்பல் பூத்த தணலுக்கும் செந்தணலுக்கும் இடையில் ஒரு பதம் உண்டு. அதைப் பிடித்தவர் கையில் மணிகள் டப்பென்று ஒவ்வொன்றாக வெடிக்கும், ஆங்காங்கே கரும்புள்ளி விழும், வாசனை பத்தடிக்கு வரும்.

அந்த வாசனைக்குக் காரணம் மணியிலுள்ள சர்க்கரையும் புரதமும் கடுஞ்சூட்டில் சேர்ந்து பழுப்பேறுவது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் விவரித்த வினை அது. தண்ணீரில் வேகும் சோளம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பேற அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். வேகவைத்த கதிருக்கு இந்த மணம் ஒருநாளும் வராததற்குக் காரணம் இதுதான்.

சுட்ட கதிரின் மேல் அரை எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த் தூளிலும் தோய்த்து அழுத்தித் தேய்க்கிறார்கள். உரித்த தோகையே தட்டு. சென்னைக்காரர்கள் இதைத் தங்கள் கடற்கரையின் சொந்தச் சொத்தாகவே நினைக்கிறார்கள், நினைக்கட்டும். ஆனால் மக்காச்சோளம் மெக்சிகோவில் பிறந்தது, மிளகாயும் அப்படியே. அடியில் கனலும் சீமைக் கருவேலத்தின் தாயகமும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடக்கு வரை பரந்த நிலம். அது 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியாக வந்த மூன்றும் வங்கக் கடலோரத்தில் ஒரு தள்ளுவண்டியில் மறுபடி சேர்ந்திருக்கின்றன. எலுமிச்சையும் உப்பும்தான் இந்தப் பக்கத்துக் கொடை.

குளிர்காலத்துக்கும் இந்தக் கதிருக்கும் உள்ள உறவு வெறும் ஆசையால் வந்ததல்ல. பெரம்பலூர்ப் பக்கம் புரட்டாசியில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம் தையை ஒட்டி முற்றி அறுவடைக்கு வருகிறது. சுடுவதற்கான பாலேறிய பருவம் அதற்குச் சில வாரம் முன்பே, அதாவது மார்கழியில். பறித்த நேரத்திலிருந்து கதிரின் சர்க்கரை குறைந்துகொண்டே போகும் என்பதால், அன்றைய கதிர் அன்றே அடுப்புக்குப் போக வேண்டும்.

வருத்தம் தருவது ஸ்வீட் கார்ன். சர்க்கரை மாவாக மாறுவதைத் தடுக்கும் மரபணுச் சடுதிமாற்றம் கொண்ட ரகம் அது. மெல்லிய தோல், நிறைய நீர், நிறைய இனிப்பு. தணலில் வைத்தால் சுருங்கிச் சீக்கிரம் கருகுகிறது, மெல்லுவதற்கு ஒன்றும் இல்லை. ஆவியில் வேகவைத்து வெண்ணெய் புரட்டிக் காகிதக் கோப்பையில் கொடுக்கத்தான் அது லாயக்கு. அப்படி விற்கும் கடைகள் கடற்கரையில் பெருகிவிட்டன. நாட்டுச் சோளம் கேட்டால், ‘அது கடிக்க மாட்டாம பசங்க வேணாங்குது’ என்று பதில் வருகிறது. பல்லுக்கு வேலை கொடுப்பதுதான் அதன் ருசியே என்பதைக் குழந்தைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

மீனைப் பொறுத்தவரை சென்னை ஏமாற்றமே. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் வந்திறங்கும் மீன் அருமையானது. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடையும் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, எனவே குளிர்காலத்தில் தட்டுப்பாடு இல்லை. ஆனால் மெரினாக் கடைகளில் வஞ்சிரம் மசாலா பூசித் தோசைக்கல் எண்ணெயில் பொரிகிறது. நம் கடலோரத்தில் சுட்டுத் தின்னும் மீனை இங்கே கண்ணால் காண்பது அரிது.

தியாகராய நகரில் கம்பியில் சுழலும் கிரில் சிக்கன் பெரும்பாலும் எரிவாயுவில் வேகிறது. கரிமணம் தேடுவோர் தந்தூர் அடுப்புள்ள கடைகளுக்குப் போகலாம். கிரில் சிக்கனோடு தரும் மயோனைசுக்குப் பச்சை முட்டை சேர்க்கக் கூடாதென்று தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது, நல்ல காரியம். மயிலாப்பூரில் மார்கழி முழுக்கப் புலால் தொடாத வீடுகள் பல. தணலின் அருமை அங்கே சுட்ட கத்தரிக்காய்த் துவையலில் தெரிய வேண்டும். இப்போது கத்தரிக்காயை கேஸ் அடுப்பில் வாட்டுகிறார்கள், தோல் கரிகிறதே தவிர உள்ளே புகைமணம் ஏறுவதில்லை.

அடையாறு அடுக்ககங்களின் மொட்டை மாடிகளில் ஆண்டிறுதி இரவுகளில் பார்பிக்யூ அடுப்பு வைப்பது இப்போது பரவியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கறியில் அந்த நாற்றம் நிற்கும். தேங்காய் நாரும் சிரட்டையும் போதும். கரி மேலெல்லாம் சாம்பல் பூக்கும் வரை பொறுத்தால்தான் சூடு சீராகும். தூறல் வந்தால் அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வருவது உயிருக்கே ஆபத்து. தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் இந்த அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அடுப்பு வானத்தின் கீழேயே இருக்கட்டும்.

பொங்கலை ஒட்டிச் சென்னைக்கு வருவோர் எலியட்ஸ் கடற்கரையில் நாட்டுச் சோளம் என்று சொல்லிக் கேளுங்கள். சுடக் கொடுக்கும் முன் நகத்தால் ஒரு மணியைக் கீறிப் பாருங்கள். பால் வந்தால் மட்டும் வாங்குங்கள்.