ஆறு நாளுக்கு ஒரு பிட்சர், வருஷத்துக்கு ஒரு பூச்சி

மே 10, 2024, வெள்ளி
ஸ்டேட் காலேஜ், பென்சில்வேனியா

நாளைக்கு பால் ஸ்கீன்ஸ் முதன்முதலாக மேஜர் லீகில் பந்து வீசப் போகிறான். போன வருஷ டிராஃப்டில் பைரேட்ஸ் முதல் ஆளாகத் தூக்கிய பையன். ஆறடி ஆறங்குலம். மணிக்கு 100 மைல் என்பது அவனுக்குக் கைவந்த வேகம். பிட்ஸ்பர்க் ஊரே இதற்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனால், பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஸ்பிரிங் கிரீக்கில் சல்ஃபர் வர ஆரம்பித்துவிட்டது" என்றார். சல்ஃபர் என்றால் கந்தகம் இல்லை, மஞ்சள் நிற மேஃப்ளை பூச்சி. பொழுது சாயும் நேரம் அது தண்ணீரிலிருந்து எழும்பும்போது டிரவுட் மீன்கள் மேலே வந்து வாய் வைக்கும். அந்த நேரத்தில் அதே மாதிரி இறகால் கட்டிய பொய்ப் பூச்சியை மிதக்கவிட்டால் கடிக்கும். ஃப்ளை ஃபிஷிங் என்பது அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு ஆயுசு போதாது.

மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு படறீங்க. இதுல நான் மூணாவது" என்றாள்.

மே 11, சனி

ஆற்றுக்குப் போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று.

பையன் சொன்னபடி வீசினான். ஏழு பேர் ஸ்ட்ரைக்-அவுட். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை பேஸில் வைத்துவிட்டு வெளியேறும்போது பைரேட்ஸ் 6-1. அதற்குப் பிறகு வந்தவர்கள் பந்தைக் குறி பார்த்துப் போடத் தெரியாமல், பேட்டர்களை ஒவ்வொருவராக முதல் பேஸுக்கு நடத்தியே ரன்களைத் தானம் செய்தார்கள். போதாததற்கு மழை. ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது.

கராஜில் போய் உட்கார்ந்து பூச்சி கட்டினேன். 16ஆம் நம்பர் முள். வைஸில் இறுக்கி, வெளிர் மஞ்சள் நூலை வால் வரை சுற்றி, நாலைந்து கோழி இறகு இழையை வாலாக வைத்து, ஆரஞ்சு கலந்த மஞ்சள் பஞ்சை நூலில் முறுக்கி உடம்பு. கழுத்தில் சேவல் இறகை மூன்று சுற்று. நாலாவது சுற்று சுற்றினால் பூச்சி தண்ணீரில் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். முடிச்சைப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. 10-9, நாங்கள்தான்.

"நாங்கள்" என்று என்னையறியாமல் எழுதுகிறேன். 2008இல் இங்கே படிக்க வந்தபோது பேஸ்பாலில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அந்த நவம்பரில் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவரை பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. நம்ம நாட்டுப் பசங்க என்று பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் மேஜர் லீக் வரை வரவில்லை. நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். அப்போது பைரேட்ஸ் 1993இலிருந்து வருஷம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்த அணி. 2012 வரை, தொடர்ந்து 20 சீசன்.

மே 17, வெள்ளி

இப்படி ஒரு நாள் அபூர்வம். ஆட்டம் சிகாகோவில், பகலில். ஆபீஸில் ஒரு காதில் ரேடியோ, இன்னொரு காதில் பட்ஜெட் மீட்டிங். முதல் ஏழு பேரையும் ஸ்கீன்ஸ் வரிசையாக ஸ்ட்ரைக்-அவுட் செய்தான். ஆறு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக்-அவுட், ஒரு ஹிட்கூட இல்லை. 100 பந்து ஆனதும் எடுத்துவிட்டார்கள். இளசான தோள், பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனாலும் வயிறு எரிந்தது. 9-3.

அஞ்சே கால் மணிக்கு எல்லாம் முடிந்தது. ஏழு மணிக்கு ஸ்பிரிங் கிரீக்கில் முழங்கால் தண்ணீர்.

இந்த ஆற்றின் கதை விசித்திரம். ரசாயனக் கழிவு கலந்துவிட்டதால் மீனைத் தின்னக்கூடாது, பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்று 1982இல் விதி வந்தது. தின்பார் இல்லாததால் மீன் பெருகிக் கிடக்கிறது. விஷம் காப்பாற்றிய ஆறு. அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிக் கரையில் மண்புழுவைக் கோத்துத் தக்கையைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலத்தில், பிடித்த மீனைத் திரும்ப விடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா பைத்தியம் என்றிருப்பார்.

இருட்டும்வரை நல்ல எழும்பல். கையளவு பிரவுன் டிரவுட்டுகள். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசு.

மே 22, புதன்

ராத்திரி கிரீன் டிரேக் என்ற மேஃப்ளை மாதிரிப் பொய்ப் பூச்சி கட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் வந்தார். பிலடெல்பியா பக்கத்துக்காரர், ஃபில்லீஸ் ரசிகர், அவருடைய அணி இந்த வருஷம் எல்லோரையும் வெளுத்துக்கொண்டிருக்கிறது, அதனால் தாராள மனசோடு பேசினார். இந்த ஊர் யூனிவர்சிட்டியில் ஜார்ஜ் ஹார்வி ஃப்ளை ஃபிஷிங்கை மதிப்பெண் உள்ள பாடமாகவே நடத்தினார், அவருக்குப் பின் ஜோ ஹம்ஃப்ரீஸ் நடத்தினார் என்பது இவருக்குச் சொல்லி அலுக்காத விஷயம்.

இரண்டையும் சரிசமமாக வைத்துக்கொண்ட ஆள் யாராவது உண்டா என்று கேட்டேன். "டெட் வில்லியம்ஸ்" என்றார், யோசிக்காமல்.

உண்மைதான். 1941இல் .406 அடித்த மனிதர். சீசனின் கடைசி நாள் காலையில் சராசரி .39955, ஆடாமல் உட்கார்ந்தாலே .400 என்று கணக்கு வைத்துவிடுவார்கள். உட்காராமல் பிலடெல்பியாவில் அன்று இரண்டு ஆட்டமும் ஆடி, எட்டுக்கு ஆறு அடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் எவரும் .400ஐ எட்டவில்லை. தூண்டிலிலும் அதே வெறி. ஃப்ளோரிடா இஸ்லமொராடாவில் டார்ப்பனும் போன்ஃபிஷ்ஷும், கனடாவின் மிராமிஷி ஆற்றில் அட்லாண்டிக் சால்மனும். தன் பூச்சியைத் தானே கட்டுவார். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார், மீன்பிடிக்காரர்களின் ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார்.

ஆனால் அவர் சரிசமமாக வைத்துக்கொண்டார் என்று நான் ஒப்ப மாட்டேன். மூன்று கல்யாணம், மூன்றும் விவாகரத்து. தராசின் இரண்டு தட்டும் நேராக நின்றதென்றால் எடைக்கல் எங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். "அதற்குத்தான் என் மனைவிக்கும் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்" என்றார்.

மே 27, திங்கள்

மெமோரியல் டே. பென்ஸ் கிரீக்கில் நிற்க இடமில்லை. டிரேக் இன்னும் கீழேதான், வைகர்ட் பக்கம். நாளுக்கு நாள் மேலே ஏறி வரும். திரும்பிவிட்டேன்.

மே 29, புதன்

இன்று ஸ்கீன்ஸுக்கு 22 வயது. நேற்று மழையால் நின்ற ஆட்டத்தையும் சேர்த்து டெட்ராய்ட்டில் இன்று இரண்டு ஆட்டம், இவன் இரண்டாவதில். மத்தியானம் பெரியவரிடமிருந்து செய்தி: "போ பேடி. இன்றைக்கு."

யோசித்தேன் என்று சொல்வது பொய்யாகும். ஸ்கீன்ஸ் ஆறு நாளைக்கு ஒரு தடவை வருவான். தேதி, மணி, சேனல் எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். டிரேக் வருஷத்தில் சில நாள்தான், அதையும் அதுதான் முடிவு செய்யும். நாள் குறிக்காமல் வருவதற்கு முதல் உரிமை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

போ பேடி, பென்ஸ் கிரீக்கில் வைகர்ட்டுக்கு மேலே, மலைக்காட்டுக்குள் இருக்கிறது. சரளைக்கல் பாதையில் இறங்க இறங்க ரேடியோ கரகரத்து அடங்கியது, போனில் சிக்னல் செத்தது. 1921 ஆகஸ்டில் ரேடியோவில் முதன்முதலாக ஒலிபரப்பான மேஜர் லீக் ஆட்டமே பிட்ஸ்பர்க்கில், பைரேட்ஸும் ஃபில்லீஸும் ஆடியதுதான். கேடிகேஏ நிலையம். நூறு வருஷம் கழிந்தும் இந்தப் பள்ளத்துக்குள் அந்தக் குரல் இறங்கவில்லை.

எட்டு மணி வரை ஒன்றுமில்லை. பழைய ரயில் சுரங்கப்பாதைப் பக்கமிருந்து ஆட்கள் கோலோடு நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். எட்டரைக்கு மேல் மரங்களிலிருந்து வெள்ளை உடம்பும் கறுத்த சிறகுமாக இறங்கின. டிரேக்கின் கடைசிப் பருவம். இங்கே இதற்குச் சவப்பெட்டிப் பூச்சி என்று பெயர். வருஷக்கணக்கில் சேற்றுக்குள் கிடந்து, சிறகு முளைத்து வெளியே வந்தபின் இதற்குத் தின்ன வாய் கிடையாது. ஓரிரு நாள். முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு அதன்மேலேயே விழுந்து செத்துப்போகும்.

பாறை ஓரம் ஒரு மீன் எழும்பிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, மூக்கு மட்டும் தெரிந்தது. மேலே இருபதடியில் நூலை இறக்கி, பூச்சி இழுபடாமல் தானாக மிதந்து வரும்படி விட வேண்டும். ஆற்றின் நடுவிலே ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. நடு ஓட்டம் நூலை இழுத்துப் பூச்சியைச் சறுக்கவைத்தது. கோல் நுனியால் நூலை மேல்பக்கம் தூக்கிப் போட்டேன். மறுபடி. மறுபடி. அப்புறம் ஒரு தடவை பூச்சி நின்ற இடத்தில் பூச்சி இல்லை. கோலைத் தூக்கினேன், பாரம்.

பிரவுன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வயிறு வெண்ணெய் நிறம், விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம். வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றினேன். வாலைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராகக் காட்டினேன், செவுள் இரண்டு தடவை திறந்து மூடியது, போய்விட்டது.

மலை உச்சிக்கு ஏறியதும் போன் அடித்தது. முதல் ஆட்டம் 8-0, இரண்டாவது 10-2. பிறந்தநாள் பையன் ஆறு இன்னிங்ஸ், 9 ஸ்ட்ரைக்-அவுட். வருத்தம் இல்லையா? கொஞ்சம் உண்டு. கையில் மீன் வாடை இருந்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

டாட்ஜர்ஸ் வந்திருக்கிறார்கள். எங்கள் ஜாரட் ஜோன்ஸ் ஆறு இன்னிங்ஸ் ரன்னே விடவில்லை. 1-0. நாளைக்கு ஸ்கீன்ஸ், எதிரே பேட் பிடிக்க அவர்களுடைய ஓட்டானி. கோபர்ன் பக்கம் டிரேக் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்கிறார் பெரியவர். நாள் குறிக்காததற்கு முதல் உரிமை என்று போன வாரம்தான் எழுதினேன். ஆனால் இவர்கள் இருவரும் முதன்முதலாக எதிரெதிரே நிற்பது ஒரு தடவைதான் நடக்கும். டிக்கெட் எடுத்துவிட்டேன். மகளும் வருகிறாள்.

ஜூன் 5, புதன்
பிட்ஸ்பர்க்

பிஎன்சி பார்க் அலெகெனி ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. வலதுபக்கச் சுவர் 21 அடி உயரம். அது ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் ஜெர்சி எண். 3,000 ஹிட் அடித்த அதே வருஷக் கடைசி நாளில், நிகரகுவா பூகம்பத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிய விமானத்தில் போய்க் கடலில் விழுந்து இறந்தவர். சுவருக்கு அப்பால் ஆறு. பார்க்கக்கூடாது என்றாலும் கண் போகிறது. "அப்பா, ஆத்தைப் பார்க்காதீங்க, பந்தைப் பாருங்க" என்றாள் மகள்.

முதல் இன்னிங்ஸ், ஓட்டானி. மூன்றே பந்து, மூன்றும் 100 மைலுக்கு மேல், மூன்றும் நேர் வேகம். மட்டையை வீசினார், காற்றைத்தான் வெட்டினார். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பாட்டி என் தோளில் அறைந்தார்.

மூன்றாவது இன்னிங்ஸ். இந்தத் தடவை ஓட்டானி பொறுத்தார். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை கொண்டுபோனார். மறுபடி 100 மைல். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. 415 அடி, நடுமைதானத்தைத் தாண்டி. முதல் தடவை விட்ட வேகத்தை இரண்டாவது தடவைக்குள் கணக்குப் போட்டுவிட்டார். இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை எனக்கு.

ஐந்து இன்னிங்ஸ், 8 ஸ்ட்ரைக்-அவுட். 10-6, ஜெயித்தோம். வீடு வந்து சேர நடுராத்திரி தாண்டியது. மகள் ஆல்டூனா வரும் முன்பே தூங்கிப்போனாள்.

ஜூன் 7, வெள்ளி

பெரியவர் புதன்கிழமை கோபர்னில் ஏழெட்டு பிடித்தாராம். மனைவி அதைவிட ஒன்று அதிகமாம். ஓட்டானி அடித்ததை மறுநாள் டிவியில் பார்த்துக்கொண்டாராம். சொல்லும்போது சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார்.

சாயங்காலம் பென்ஸ் கிரீக்கில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 67 டிகிரி ஃபாரன்ஹீட். 68ஐத் தாண்டினால் டிரவுட்டைத் தொடக்கூடாது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது. ஆக, இந்த ஆறு இன்னும் சில நாளில் தானே கடையைச் சாத்திக்கொள்ளும். ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற ஸ்பிரிங் கிரீக் மட்டும் விடியற்காலையில் தாங்கும்.

காலண்டரில் குறித்துவிட்டேன். ஜூலை, ஆகஸ்ட் சாயங்காலம் எல்லாம் பேஸ்பாலுக்கு. செப்டம்பர் பாதிப் பாதி. அக்டோபர் முழுக்க ஆற்றுக்கு. பைரேட்ஸ் 2015க்குப் பிறகு பிளேஆஃப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஃபில்லீஸ் ரசிகராக இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.