குறை யாருடையது?

நேற்றுப் பின்னேரம் ஸ்கூல் கிரவுண்டில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒரு பிள்ளையை வைத்து ஒரு மணித்தியாலம் வாதாடினோம்.

கோட்ட மட்ட வலைப்பந்துக்கு அணி எடுக்க வேண்டும். இந்தப் பிள்ளை வகுப்பில் எல்லோரையும் விட ஒரு தலை உயரம். அந்த உயரத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர்களால் கூனியே நடப்பாள். வாப்பா கடலுக்குப் போகிறவர். பந்தைத் தொட்டு இரண்டு மாதம்தான். பிடித்தால் கால் மாறி வைப்பாள், விசில் ஊதும். ஓட்டமும் மந்தம். இவளை கோல் ஷூட்டராகப் போட்டால், மூன்று வருடமாக வெயிலில் நின்று பழகிய பிள்ளை அந்த இடத்தை விட வேண்டும்.

உயரம் மட்டும் போதுமா என்று ஒரு சேர் கேட்டார். நியாயமான கேள்வி. பஞ்சாபின் சத்னம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது தெரிவாக எடுத்தது. ஆனால் என்.பி.ஏ.யில் ஒரு போட்டி கூட அவர் ஆடவில்லை. கூடைப்பந்தில் ஐந்து பேரும் இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

வலைப்பந்து அப்படி இல்லை. வளையம் அதே 10 அடிதான். ஆனால் கோல் ஷூட்டர் மைதானத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் போதும். மந்தமான கால் அங்கே பெரிய குறை இல்லை. கை தவறக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். 6 அடி 10 அங்குலம். 2018இல் சிங்கப்பூரை 69–50 என்று வென்று, ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஆசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்த அணியின் தூண். அடுத்த வருடம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல். அந்தத் தொடரில் அதிகம் போட்டவர் அவர்தான். ஆனால் இலங்கை வந்தது 16 அணிகளில் 15ஆவதாக.

இந்தக் கணக்கைச் சொன்னதும் நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு மணித்தியாலமாக அந்தப் பிள்ளையின் குறைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அணியின் குறையை ஒருவரும் எண்ணவில்லை. மூன்று செக்கனுக்குள், அவள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் பந்தைத் தரக்கூடியவர் எங்களிடம் யார்?

பதில் பழைய ஷூட்டரிடமிருந்தே வந்தது. "டீச்சர், நான் விங்குல நிண்டு உயரத்துல தாறன். அவ புடிச்சிப் போடட்டும்."

தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்த அந்தப் பிள்ளைக்கு முன்னால் நாங்கள் வெட்கப்பட்டோம்.

இதனால் விங்கில் ஆடிய இன்னொரு பிள்ளை ரிசேவுக்குப் போகிறாள். காரணத்தை நாங்களே அவளைக் கூப்பிட்டுச் சொன்னோம். அழுதாள். அந்தக் கண்ணீருக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

இன்று காலை பத்துப் பந்து போட்டார்கள். நாலு விழுந்து போனது. ஆறைப் பிடித்தாள். ஆறாவதைப் பிடிக்கும்போது அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தோம்.

அடுத்த கிழமை போட்டி. வெல்வோமா தெரியாது. மூன்று பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.