ஏலத்துக்குப் போகும் ஏலம்

கட்டப்பனையிலிருந்து புளியமலை வழியாகக் குமுளிக்குப் போகும் சாலையில் வருகிறது ஆனைக்கரை. இருபுறமும் மரநிழலில் ஏலச்செடிகள். தூரை ஒட்டி மண்ணில் படரும் சரத்தில்தான் காய் பிடிக்கும். பறிப்பவர் குனிந்த முதுகோடே நகர வேண்டும். பச்சைக்காய் காத்திருக்காது. சட்டென்று ஸ்டோர் எனும் உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய், இதமான சூட்டில் உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். நாலைந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய் மிஞ்சும். இத்தனை பக்குவமும் ஒரு குடும்பத்தின் கையில் நடக்கிறது. ஆனால், மூட்டை புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்துக்குப் போனதும் அந்தக் கை மறைந்துவிடுகிறது. அங்கே கேட்கப்படுவது காயின் பருமனும் நிறமும். எந்த மேட்டில் விளைந்தது என்பதல்ல. இந்த மலைக்காய்க்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் பெயரே ‘ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்’. காய் மலையினுடையது, பெயர் துறைமுகத்தினுடையது.

இத்தாலியின் டஸ்கனியில், பிளாரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் நடுவே உள்ள கியான்டி குன்றுகளிலும் பல சிறு குடும்பங்கள் திராட்சையும் ஆலிவும் வளர்க்கின்றன. ஆலிவும் ஏலம்போல அவசரக்காரக் காய். பறித்து ஓரிரு நாளில் ஆட்டாவிட்டால் எண்ணெய் கெடும். ஆளுக்கொரு செக்கு வைக்க முடியாதவர்கள் ஊர்ச் செக்கில் தங்கள் காயை ஆட்டி, தங்கள் எண்ணெயை எடுத்துப் போகிறார்கள். ஒயின் விளையும் எல்லையை டஸ்கனியை ஆண்ட மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ 1716இலேயே வரைந்துவிட்டார். ஆனாலும் 1924இல் ராட்டா என்ற ஊரில் 33 பேர் கூடிச் சங்கம் அமைத்து, கருஞ்சேவல் முத்திரையைக் காவல் வைக்க வேண்டியிருந்தது. அரசன் போட்ட எல்லைக்கோடு தானாகக் காவல் காக்கவில்லை என்பதே இதன் பாடம்.

அந்தப் பாடத்தை நம் பக்கத்தில் பார்க்க மூணாறு தாண்டிப் போக வேண்டும். தேயிலை முடிந்து சந்தனக்காடு தொடங்கும் மழைமறைவுப் பகுதி மறையூர். பழைய அஞ்சுநாட்டின் ஐந்து ஊர்களில் ஒன்று. கரும்பு விளையும் வயலோரமே ஆலைக்கொட்டகை. சாறு கொப்பரையில் கொதிக்கிறது, சக்கையே விறகாகிறது, சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. பதம் வந்த பாகை ஆற்றி, கையால் உருட்டுகிறார்கள். கரும்பழுப்பு வெல்ல உருண்டையில் விரல்தடம் பதிந்திருக்கும். வயலும் அடுப்பும் பெயரும் ஒரே இடத்தில் இருப்பதால் 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரிலேயே அமைந்தது. ஆனாலும் சமவெளி வெல்லம் ‘மறையூர்’ என்ற பெயரில் விலைபோவது நின்றபாடில்லை. காரணம், கருஞ்சேவல்போல ஒரு காவல் இங்கே வலுவாக இல்லை.

ஏலமுறைதானே விவசாயியை ஒரே வியாபாரியின் பிடியிலிருந்து மீட்டது, அதைக் குறைசொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலர் கூடிக் கேட்கும் இடத்தில் விலை வெளிச்சத்துக்கு வருகிறது. அதை இழக்க வேண்டியதில்லை. ஆனால், குவாதிமாலாவின் காயும் அதே பருமனுக்கும் நிறத்துக்கும் உலகச் சந்தையில் போட்டியிடும்போது, அவற்றை மட்டும் நம்பியிருப்பது விலையிறங்கும் காலத்தில் பிடிமானமில்லாமல் நிற்பதாகும். பொதி போடவும் விற்கவும் ஒன்றிரண்டு ஏக்கர்காரருக்கு வசதி ஏது என்பது இரண்டாவது கேள்வி. தனி ஒருவருக்கு இல்லைதான். கியான்டியின் ஊர்ச் செக்கு காட்டும் வழி அதற்குத்தான்: பத்துக் குடும்பத்துக்கு ஒரு ஸ்டோர், ஒரு சல்லடை, ஒரு முத்திரை, அதைப் போலியிலிருந்து காக்க ஒரு சங்கம். வாங்குபவர் ஊரைப் பார்த்தா ஏலக்காய் வாங்குகிறார் என்றால், உண்மைதான், எல்லாரும் பார்க்கப்போவதில்லை. பார்ப்பவர் சிலர் போதும். பத்து மூட்டை ஏலத்துக்கே போகட்டும். பதினோராவது மூட்டை ஆனைக்கரை என்ற பெயரோடு மலையிறங்கட்டும்.