சந்திரனுக்குப் போன சிவப்பு வீடு

பௌர்ணமிச் சந்திரனில் உங்களுக்கு என்ன தெரிகிறது? முயல் என்பார்கள் சிலர். கிழவி வடை சுடுகிறாள் என்று சாதிப்பார்கள் வேறு சிலர். நமக்குள் இந்த வழக்கு தீரப் போவதில்லை. ஜப்பானியர்கள் மட்டும் முயல் கட்சி!

அதனால்தான் டகேஷி ஹகமாடா என்பவர் நடத்திய குழு, 'ஹக்குடோ' என்று பெயர் வைத்துக்கொண்டது. வெள்ளை முயல் என்று அர்த்தம். கூகுள் பணம் கொடுக்க, 2007-இல் அறிவித்தார்களே சந்திரப் போட்டி, அதில் சேர்ந்த குழு இது. சர்க்காரை நம்பாமல், பெரும்பாலும் தனியார் பணத்திலேயே யந்திரம் செய்து சந்திரனில் இறக்க வேண்டும். 500 மீட்டர் நகர்த்திப் படம் அனுப்ப வேண்டும். முதல் பரிசு 2 கோடி டாலர்.

500 மீட்டர் என்ன பிரமாதம், கறிகாய் வாங்கப் போகிற தூரம்தானே என்கிறீர்களா? அங்கே காற்று இல்லையே, அம்மா! பாராசூட் உதவாது. இஞ்சினை எரித்தேதான் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தும், 2018 மார்ச்சுக்குள் ஒருவராலும் முடியவில்லை. பரிசுப் பணம் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

ஹகமாடா கடையைக் கட்டவில்லை. 2023 ஏப்ரலில் அவருடைய கம்பெனியின் முதல் கலம் இறங்கப் பார்த்தது. ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தரை திடீரென்று தாழ்ந்தது. உயரம் அளக்கும் கருவி உள்ளபடியே சொல்லிற்று. கணிப்பொறிதான் அதை நம்பவில்லை. (மெய் சொன்னவள் பேச்சு எடுபடாத வீடுகளை நாம் பார்த்ததில்லையா!) சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே தரைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது.

2025 ஜூனில் மறுபடியும். இந்தத் தடவை உள்ளே 5 கிலோ எடையில் குட்டி வண்டி ஒன்று. அதன் முன்புறத்தில், சுவீடன் கலைஞர் மிகேல் கென்பெர்க் செய்த சின்னஞ்சிறு சிவப்பு வீடு. வெள்ளை ஓரம் வைத்த கதவும் ஜன்னலும் அதற்கு உண்டு. அதைச் சந்திர மண்ணில் வைத்துவிட வேண்டுமென்பது 1999 முதல் அவருக்கு ஆசை.

நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி முக்கால் மணி. வீட்டில் எல்லாரும் உறங்க, நான் மட்டும் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இஞ்சினைப் பற்றி நான் என்ன கண்டேன்? என் கவலையெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான். இருபத்தாறு வருஷமாக வாடகை வீடுகளிலேயே குடித்தனம் செய்கிறவளுக்கு, பொம்மை வீடானாலும் அது போய் ஓரிடத்தில் ஊன்றி நிற்க வேண்டும் என்று இருக்காதா?

தரைத் தூரத்தை அளக்கும் லேசர் கருவி தாமதமாக விழித்துக்கொண்டது. வேகம் போதிய அளவு குறையவில்லை. அப்புறம் சமிக்ஞையே வரவில்லை.

விழுந்த இடத்துக்குக் 'குளிர்க் கடல்' என்று பெயர். நாஸாவின் கலம் பிற்பாடு மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணில் ஒரு கறுப்புக் கறை மட்டும் தெரிகிறது. வீடு தெரியவில்லை, அது அவ்வளவு சிறியது.